ஒட்டி வந்தால் உறவு

பட்டாசுக்குக் கோபம் வந்தது. இதில் என்ன புதுசு என்று கேட்காதீர்கள். கோபம் வருவதால்தான் அவளுக்கு அந்தப் பேரே. பொசுக்கென்று பற்றும், படபடவென்று வெடிக்கும், ஐந்து நிமிஷத்தில் புகைகூட மிஞ்சாது. ஆனால் அன்றைக்கு வந்தது அந்த மாதிரிக் கோபம் இல்லை. உள்ளேயே உட்கார்ந்து கனன்றது.

காரணம், ஓட்டல் சலவைப் பிரிவின் அறிவிப்புப் பலகை. அதில் அவள் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுதியிருந்தது. வேறு யாராவதாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்பாள். அது அவளுடைய சொந்த அண்ணன் பெண்டாட்டியின் பெயர்.

விஷயம் இதுதான். சலவைப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் நாற்காலி காலி. அந்த ஓட்டலுக்கு வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். சட்டைப் பையில் ஒரு சீட்டு எழுதிப் போடுவார்கள், 'காலரில் கறை, பார்த்துத் துவைக்கவும்' என்கிற மாதிரி. அதைப் படிக்கவும் தொலைபேசியில் பதில் சொல்லவும் தலைவருக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டும். அதனால் நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது. விருப்பம் இருக்கிறவர்கள் பெயர் கொடுக்கலாம். மூன்று மாதம் பிரெஞ்சு வகுப்பு. கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு. நன்றாகப் பேசுகிறவருக்கு நாற்காலி.

பட்டாசு அந்த நாற்காலியைக் கனவிலும் பார்த்தாள். பதவி ஆசை இல்லை, கை. பத்தொன்பது வருஷமாக ப்ளீச்சும் சோடாவும் தின்ற கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேண்டும்? யார் பார்த்தாலும் தெரியும். கையுறை போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் மோசம். "இனிமே தண்ணியில கை வைக்காதீங்கம்மா" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். தண்ணீரில் கை வைக்காமல் சலவைக்காரி எப்படிப் பிழைப்பாள் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பிரிவில் ஈரம் படாத வேலைகளில் காலியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், தலைவர் நாற்காலி.

பன்னிரண்டாவது பாஸ் பண்ணியவள் அவள் ஒருத்திதான். போட்டிக்கு ஆளே இல்லை என்று நிம்மதியாக இருந்தாள். இப்போது பார்த்தால் அண்ணி!

நேரே போய்க் கேட்டுவிட்டாள். அண்ணி மடிப்பு மேசையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரே தட்டு, ஒரே மடிப்பு, கீழே வைத்தால் செங்கல் மாதிரி உட்காரும். அந்தப் பிரிவில் எல்லாருமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாசு கூப்பிட்டுக் கூப்பிட்டு மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

"ஏன் அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ வேண்டாம்பே. நான் கேட்டுக்குவேன். அதான் சொல்லலை."

"நீங்க எட்டாவது. பிரெஞ்சு படிக்கப் போறீங்களா?"

"எனக்கும் ஆசையா இருக்குடி. இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். ஒரு தடவையாவது அந்த நாற்காலியில உக்காந்து பாக்கணும்."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். இப்படி முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னால் வெடிக்கக்கூட முடியவில்லை. பட்டாசு அன்றிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள்.

வகுப்பு ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில், சாயந்தரம் மூன்று மணிக்கு. வாத்தியார் ஒரு ஒல்லிப் பையன். தண்ணீர் கொடுத்தால் மெர்சி, அதாவது நன்றி, நாற்காலியை நகர்த்தினால் மெர்சி, இருமினால்கூட மெர்சி சொல்வான். இரண்டாம் நாளே அவன் 'மெர்சி சார்' ஆகிவிட்டான். தேர்வுக்குப் பெயர் கொடுத்தது இரண்டே பேர் என்றாலும் வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர் வருவார்கள். துணிக்குக் கஞ்சி போடுகிறவரை எல்லாரும் கஞ்சி அண்ணன் என்பார்கள், அவர் தவறாமல் முதல் வரிசை. படிக்க இல்லை, கிண்டல் பண்ண.

முதல் வாரத்திலேயே ஒரு குண்டு விழுந்தது. பிரெஞ்சில் துணிக்கெல்லாம் ஆண், பெண் உண்டாம். துண்டு பெண். படுக்கை விரிப்பு ஆண். மேசை விரிப்பு பெண். திரைச்சீலை ஆண்.

"சட்டை?" என்றார் கஞ்சி அண்ணன்.

"ஆண்கள் போடுற சட்டை பெண்பால். பெண்கள் போடுற சட்டை ஆண்பால்."

"சார், யாராவது குடிச்சிட்டு வச்ச பேரா இது?"

கூடமே சிரித்தது. பட்டாசு மட்டும் சிரிக்காமல் நோட்டில் இரண்டு கட்டம் போட்டு எழுதிக்கொண்டாள். அண்ணியிடம் நோட்டே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பாவம், ஒண்ணும் ஏறாது' என்று பட்டாசு நினைத்தாள். சந்தோஷமாகத்தான் நினைத்தாள், மறைப்பானேன்.

அடுத்த வாரம் அந்த வார்த்தை வந்தது. அழகு என்பதற்கான வார்த்தை. மெர்சி சார் பலகையில் எழுதினான். ஆண்பாலுக்கு 'போ'. பெண்பாலுக்கு 'பெல்'. ஆண்பால்தான், ஆனால் அடுத்த வார்த்தை உயிரெழுத்துச் சத்தத்தில் ஆரம்பித்தால் அங்கேயும் 'பெல்' என்றே சொல்ல வேண்டும், எழுதுவது மட்டும் வேறே. பலர் என்றால் கடைசியில் இன்னும் ஓர் எழுத்து, ஆனால் சத்தம் மாறாது.

"அழகான ஆம்பளையைப் பாத்து 'போ'ங்கணுமா? அதான் என்னை எல்லாரும் அப்படியே விரட்டுறாங்க" என்றார் கஞ்சி அண்ணன்.

சிரிப்பு அடங்கியதும் மெர்சி சார் விளக்கப் பார்த்தான். நம்ம பேச்சில் நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல துணி, எல்லாவற்றுக்கும் ஒரே 'நல்ல'. பிரெஞ்சில் அப்படி இல்லை. எந்தப் பெயரோடு வருகிறதோ அதற்குத் தக்கபடி வார்த்தை மாறும். இணைய வேண்டும், ஒத்துப் போக வேண்டும், பால், எண் என்று என்னென்னவோ சொன்னான். எல்லார் முகமும் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. பட்டாசு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதினாளே தவிர அவளுக்கும் புரியவில்லை.

அப்போது அண்ணி எழுந்தாள். எழுந்து பேச வேண்டியதில்லை, ஆனாலும் எழுந்தாள்.

"சார், இது நம்ம நம்பர் துணிதானே?"

"என்னம்மா?"

"ஒரு ரூம்லேருந்து ஒரு பை வருது. பைக்கு ஒரு நம்பர் போடுறோம். உள்ள கோட்டு இருக்கும், கைக்குட்டை இருக்கும். எல்லாத்துக்கும் அந்தப் பை நம்பரையே குத்துறோம். கைக்குட்டைக்குன்னு சொந்தமா நம்பர் கிடையாது. எந்தப் பையோட வந்துச்சோ அந்த நம்பர். இல்லேன்னா இஸ்திரி போட்டு முடிச்சதும் யாரோட கைக்குட்டைன்னு தெரியாமப் போயிரும். அந்த மாதிரி, துணிதான் பை. அழகுங்கிறது கைக்குட்டை. சரிதானா?"

மெர்சி சார் சாக்பீஸை வைத்துவிட்டான். அவன் வாயில் மெர்சிகூட வரவில்லை. பிறகு ஏதோ சொன்னான், 'போ த்ரவாய்' என்று. "அழகான வேலைன்னு அர்த்தம். அழகுன்னா பார்க்க மட்டும் இல்லைம்மா. நல்லா செஞ்ச வேலையையும் அதே வார்த்தையில சொல்லலாம்."

பட்டாசுக்கு வயிறு எரிந்தது. எரிந்தாலும் விஷயம் புரிந்துவிட்டது. பத்து வரி எழுதியும் ஏறாதது ஒரு கைக்குட்டையில் ஏறிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் என்று யாரைச் சொல்வார்களோ அது தான்தான் என்று அன்றைக்கு முதல்தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அண்ணி படிக்கிற விதத்தை மறுநாள் கவனித்தாள். ஒளிந்து நின்றெல்லாம் இல்லை, மடிப்பு மேசை துவைக்கிற இடத்துக்கு எதிரேதான். அண்ணி புதுத் துண்டு ஒன்றை எடுத்தாள். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினாள். "தூஸ்" என்றாள். மெத்தென்று இருப்பதைச் சொல்கிற வார்த்தை, பெண்பால். அடுத்து, கஞ்சி ஏறி விறைத்த மேசை விரிப்பு. தடவினாள். "ரெஷ்." சொரசொரப்பு. ஈரக் கம்பளியைத் தூக்கிப் பார்த்து, கனம் என்றாள் பிரெஞ்சில். ஒவ்வொரு வார்த்தையும் காது வழியாக இல்லாமல் கை வழியாக அவளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கை சாதாரணக் கை இல்லை, சும்மா சொல்லக் கூடாது. ஒருதடவை மின்சாரம் போய்க் கூடமே இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில் அண்ணி பாட்டுக்கு மடித்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வந்ததும் பார்த்தால் பருத்தி தனி, பாலியஸ்டர் தனி, இரண்டும் கலந்தது தனி. மூன்று அடுக்கு, ஒரு துண்டுகூட மாறவில்லை. அன்றைக்கு எல்லாரும் கை தட்டினார்கள். பட்டாசுதான் முதலில் தட்டினாள். அது பேச்சு இருந்த காலம்.

இப்போது அண்ணி அவளைப் பார்த்துக் கேட்டாள். "ஏம்மா, படுக்கை விரிப்பு ஆம்பளையா பொம்பளையா? மறந்துட்டேன்."

பட்டாசு வாயைத் திறந்தாள். "பொம்பளை" என்றாள்.

பத்து நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை, அதுவும் பொய். அண்ணி தலையாட்டிவிட்டு விரிப்பை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, "பெல், பெல்" என்று நாலைந்து தடவை சொல்லிக்கொண்டாள். தப்பு ஒவ்வொன்றாக அந்தக் கைக்குள் இறங்குவதைப் பட்டாசு நின்று பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். 'ச்சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா' என்று தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள். திட்டுவதில் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

மறுநாள் காலையில் போனதும் போகாததுமாக, "அண்ணி, விரிப்பு ஆம்பளை. நேத்து நான் நோட்டைத் தப்பாப் பாத்துட்டேன்" என்றாள்.

அண்ணி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பன்னிரண்டாவது படிச்சவளுக்கே தப்பு வருதுன்னா, எட்டாவதுக்கு வந்தா என்ன?" என்றாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று பட்டாசு கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

உறவு முறைப் பாடம் வந்த அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் சரியாகப் பேச்சு வந்தது. அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாம் முடிந்தது. கஞ்சி அண்ணன் விடுவாரா?

"சார், நாத்தனாருக்கு என்ன சொல்லுவாங்க?"

"பெல் ஸேர்."

"பெல்லா? அழகுதானே அது?"

"ஆமா. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா 'அழகான சகோதரி'. மச்சானும் அப்படித்தான், அழகான சகோதரன். மாமியார், அழகான அம்மா."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. எல்லார் கண்ணும் முதலில் அண்ணி பக்கம் போய், அப்புறம் பட்டாசு பக்கம் வந்து நின்றது. அண்ணி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"சார், கட்டாயமா அப்படித்தான் சொல்லணுமா? வேற வார்த்தை ஏதும் இல்லையா?"

"இல்லைம்மா. ஆனா கவலைப்படாதீங்க. அந்த ரெண்டு வார்த்தையும் ஒட்டி வந்தா அது வெறும் உறவுதான். அழகுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. மூணு வாரமாப் பேசாம இருக்கிற நாத்தனாரும் பெல் ஸேர்தான்." அவனுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, பாருங்கள். "நிஜமாவே அழகுன்னு சொல்லணும்னா, அந்த வார்த்தையைத் தனியா இன்னொரு தடவை சொல்லணும்."

"அப்பாடா!" என்று அண்ணி நெஞ்சில் கை வைத்தாள். "ஒரு தடவை போதும் சார். உறவோட நிறுத்திக்கிறேன்."

பட்டாசுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த பிறகு வீறாப்பு எங்கே நிற்கும்? அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகவே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வழியெல்லாம் அண்ணி, "வாங்க, பெல் ஸேர்! பாத்து நடங்க, பெல் ஸேர்!" என்று வம்பு பண்ணிக்கொண்டே வந்தாள்.

அப்புறம் சேர்ந்தே படித்தார்கள். பட்டாசு நோட்டைப் பார்த்துக் கேட்பாள், அண்ணி துணியைப் பிடித்துச் சொல்வாள். 'அழகான படுக்கை விரிப்புக்குள் இருக்கிறேன்' என்று பிரெஞ்சுக்காரன் சொன்னால் 'வசமாக மாட்டிக்கொண்டேன்' என்று அர்த்தம் என்று மெர்சி சார் ஒருநாள் சொன்னான். சலவைப் பிரிவுக்கே அது தாரக மந்திரம் ஆகிவிட்டது. இயந்திரம் நின்றால், 'தெ போ த்ரா', அதாவது அழகான விரிப்புகள்! கறை போகவில்லையென்றால், 'தெ போ த்ரா!' ஆனால் சேர்ந்து படித்தாலும் நாற்காலி ஒன்றுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

தேர்வு மூன்றாவது மாடியில், ஹவுஸ்கீப்பிங் மேடத்தின் அறையில். மேடத்துக்குப் பிரெஞ்சு தாய்மொழி. நம்ம பேச்சும் பேசுவாள், ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டு வைக்கிற மாதிரி. அறைக்குக் கண்ணாடிக் கதவு. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'தேர்வு நடக்கிறது. இடையில் உள்ளே வருபவரின் தேர்வு ரத்து.'

பட்டாசு முதலில் போனாள். மேசைமேல் பிளாஸ்டிக் உறை போட்ட புகைப்படங்கள். ஒரு படுக்கையறை, ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு குடும்பம். இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொன்னாள் மேடம். முன்னே யாரோ மடியில் துண்டுச் சீட்டு வைத்துப் பார்த்துப் படித்தார்களாம். பட்டாசு நோட்டில் இருந்ததை எல்லாம் ஒப்பித்தாள். விரிப்புக்குப் 'போ', துண்டுக்குப் 'பெல்', ஒன்றுகூடச் சறுக்கவில்லை. மேடம் தலையாட்டித் தலையாட்டி எழுதினாள். வெளியே வந்து உட்கார்ந்தபோது பட்டாசுக்கு நாற்காலியின் கைப்பிடி கைக்கு எட்டிய மாதிரி இருந்தது. தன் கையைப் பார்த்து, "பிழைச்சே போ" என்று சொல்லிக்கொண்டாள்.

அண்ணி உள்ளே போனாள்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அண்ணி இடித்து வைத்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். மேடம் படத்தைத் தட்டிக் காட்டுகிறாள், ஏதோ கேட்கிறாள். அண்ணி வாய் திறக்கவில்லை. நெற்றி வியர்த்து வழிகிறது. 'தெ போ த்ரா' என்று பட்டாசு முனகினாள். ஆனால் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் அண்ணியின் கையைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த அந்த இரண்டு கையும் சும்மா இல்லை. படத்தை மெதுவாகத் தடவின. படுக்கை விரிப்பு இருக்கிற இடத்தைத் தடவின, துண்டு இருக்கிற இடத்தைத் தடவின. பிளாஸ்டிக் உறையில் விரிப்பும் வழுவழு, துண்டும் வழுவழு. வார்த்தை எல்லாம் கையில் இருக்கிறது. கைக்குத் துணி வேண்டும். இதை அறிந்தவள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான், அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

சும்மா இருந்தால் போதும். ஒரு பாவமும் செய்ய வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம், அப்படியே உட்கார்ந்திருந்தால் நாற்காலி அவளுக்கு. பட்டாசு தன் விரல் இடுக்கைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதை நினைத்தாள். கதவில் இருந்த தாளை இரண்டு தடவை படித்தாள். உள்ளே அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

இருட்டில் மூன்று அடுக்கு மடித்தவள். ஒரு கைக்குட்டையை வைத்து வாத்தியாரையே வாயடைக்க வைத்தவள். அவளை ஒன்றும் தெரியாதவள் என்று இந்த மேடம் எழுதப் போகிறாளா? பட்டாசுக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை வழக்கமான கோபம், பொசுக்கென்று பற்றிக்கொண்டது. எழுந்தாள். துணி ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தாள். இரும்பு நாற்காலி, ரப்பர் செடி, பளபளக்கும் தரை. ஒரு கந்தல்கூட இல்லை. போட்டிருந்த சீருடைகூட நைலான், அதுவும் வழுவழு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேடம் நிமிர்ந்தாள். "கதவில் இருப்பதைப் படிக்கவில்லையா?"

"படிச்சேன் மேடம்."

"உங்கள் தேர்வு ரத்து."

"தெரியும் மேடம்." அண்ணி பக்கம் திரும்பினாள். மேசைமேல் இருந்த அண்ணியின் கைக்குள் தன் கையை மல்லாக்க வைத்தாள். "துணி இல்லை அண்ணி. இதை வச்சுக்கோங்க."

அண்ணிக்கு என்ன நடக்கிறது என்று முதலில் புரியவில்லை. ஆனால் விரல்களுக்குப் புரிந்துவிட்டது. கட்டை விரல் தானாக நகர்ந்து, கறை பார்க்கிற மாதிரி, உள்ளங்கை வெடிப்புகள்மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. கண்ணை மூடினாள்.

"ரெஷ்" என்றாள்.

அவ்வளவுதான், மதகு திறந்தது. இந்தக் கை சொரசொரப்பாக இருக்கிறது என்று ஒரு முழு வாக்கியம். ஏன் என்றால் இது பத்தொன்பது வருஷமாகத் துவைக்கிற கை. அப்புறம் இடது கையால் இதைப் பிடித்துக்கொண்டே, வலது கையால் படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். இந்த விரிப்பு அழகாக இருக்கிறது, ஆனால் ஓரம் நேராக இல்லை, மடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். இந்தத் துண்டு மெத்தென்று இருக்காது, பார்த்தாலே தெரிகிறது, பழசு. இந்த மேசை விரிப்புக்குக் கஞ்சி அதிகம். கைக்குட்டைக்குப் பை நம்பர் குத்துகிற மாதிரி, ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் வார்த்தை வந்து ஒட்டியது. இடையில் இரண்டு தப்பு வந்தது. பட்டாசு எண்ணினாள். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு, தன் ஓட்டலின் புகைப்படத்தைத் தானே குனிந்து உற்றுப் பார்த்தாள். ஓரம் நேராகத்தான் இல்லை.

கடைசியில் மேடம் பேனாவை மூடினாள். பட்டாசைக் காட்டி, இந்தப் பெண் யார் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"மா பெல் ஸேர்" என்றாள் அண்ணி. என் நாத்தனார்.

சொல்லிவிட்டு நிறுத்தினாள். கண்ணைத் திறந்து பட்டாசின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மேடத்தைப் பார்த்து, வார்த்தை வார்த்தையாக, நிதானமாக இன்னொன்றும் சொன்னாள்.

"எல் எ பெல்."

பட்டாசு என்ன செய்தாள் தெரியுமா? அத்தனை பேரை வெடித்து விரட்டியவள், மேடத்தின் அறையில் நின்று, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். ஒரு கை மாட்டிக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைக்கக்கூடச் சரியாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை பலகையில் அண்ணியின் பெயர் வந்தது. கஞ்சி அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எல்லாரும் சுற்றி நிற்க அண்ணி உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். "இதுக்கா இத்தனை நாள் ஏங்கினேன்? முதுகு வலிக்குது" என்று எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் வேலைப் பட்டியலை எடுத்தாள். அதில் பட்டாசின் பெயர் ஈரப் பகுதியில் இருந்தது. அண்ணி அதை அடித்தாள். பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் 'சீட்டு மேசை' என்று எழுதினாள். இதுவரைக்கும் விருந்தாளிகளின் சீட்டைத் தலைவர்தான் படிப்பார். தனி மேசை என்று ஒன்று கிடையாது. அண்ணி அந்த நாற்காலியையே இழுத்துக்கொண்டு போய் ஜன்னல் ஓரமாகப் போட்டாள்.

"உக்காரு. எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. நீ படிச்சுச் சொல்லு, நான் துணியைப் பிடிச்சுக்கிட்டு போன்ல பேசிக்கிறேன். தண்ணிப் பக்கம் உன் கை போச்சு, தொலைச்சுப்புடுவேன்."

"மேடம் ஒத்துக்குவாங்களா?"

"கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒரு மாசம் பாக்கலாம்னுட்டாங்க. நீ ஒழுங்காப் படி, அது போதும்."

பட்டாசு உட்கார்ந்தாள். வெயில் கையில் விழுந்தது. ஈரம் இல்லாமல் அந்தக் கை இருந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அவளுக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி, அன்னைக்கு என்னை அழகுன்னு சொன்னீங்களே. மார்க்குக்காகச் சொன்னீங்களா, நிஜமாச் சொன்னீங்களா?"

அண்ணி விரிப்பின் ஓரத்தோடு ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒட்டி வந்தா உறவு. தனியா எத்தனை தடவை சொன்னேன், எண்ணிக்க. பன்னிரண்டாவது படிச்சவதானே நீ?"